'பதில் இல்லை' என்று நான் பதிந்த பிள்ளைகள்: நுனாவுட்டில் ஒரு பள்ளிக் கணக்கெடுப்பும் அதை நிறுத்திய அரசு ஊழியரும்

கனடாவின் வடகோடியில் இருக்கும் நுனாவுட் பிரதேசத்தில் தரவு வேலைக்காக ஒப்பந்தத்தில் போயிருந்தபோது பக்கத்து மேசையிலிருந்து பார்த்தது இது. ஆண்டைத் துல்லியமாகச் சொல்லவில்லை, 2010களின் பிற்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர், ஊரின் பெயர் எதுவும் வராது, சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். மொத்தமே 25 ஊர்கள் இருக்கும் இடத்தில் ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான். தப்பு செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடமும் ஆளும்

நுனாவுட் 1999 ஏப்ரல் 1-ஆம் தேதி தனிப் பிரதேசமானது. பரப்பு ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 36,858. நம்மூரில் ஒரு சின்ன நகராட்சிக்குள் அடங்கிவிடும் ஜனம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது, விமானம்தான். கனமான சரக்கெல்லாம் கோடையில் பனி உருகிய பிறகு கப்பலில் வரும். மக்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் இனுயிட், அதாவது ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகள். ஆனால் அரசு வேலையில் அவர்கள் பங்கு பல ஆண்டுகளாகப் பாதியைச் சுற்றியே நிற்கிறது, மேல்பதவிகளில் இன்னும் குறைவு. இத்தனைக்கும் 1993-ல் கனடா அரசோடு இனுயிட் கையெழுத்திட்ட நில ஒப்பந்தத்தின் 23-ஆவது பிரிவு, மக்கள்தொகையில் இருக்கும் விகிதத்துக்கு ஏற்ப அரசு வேலையிலும் இனுயிட் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது.

ஏன் முடியவில்லை என்று 2006-ல் ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் பெர்ஜர் ஓர் அறிக்கை கொடுத்தார். இனுயிட் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்குதான் பள்ளியை முடிக்கிறார்கள், பிறகு வேலைக்கு ஆள் எங்கிருந்து வரும் என்பது அதன் சாரம். வீட்டு மொழி இனுக்டிட்டுட், முதல் மூன்று நான்கு வகுப்பு அதிலேயே போகிறது, அப்புறம் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். இரண்டிலும் பிடி இல்லாமல் பிள்ளை நிற்கிறது.

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் அப்போது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஓர் இனுக் பெண் (இனுயிட் என்பது பன்மை, ஒருவரைச் சொல்வதானால் இனுக்). அரசுத் துறை ஒன்றில் இளைஞர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர், அதாவது தெற்குக் கனடாவிலிருந்து வரும் ஆய்வுகளையும் துறையே நடத்தும் கணக்கெடுப்புகளையும் ஊர்களோடு பொருத்திவிடுகிற வேலை. அவருடைய சாவிக்கொத்தில் ஒரு சின்ன வட்டு தொங்கும், காசு அளவு, ஓரத்தில் கயிறு கோக்க ஓட்டை, நடுவில் கிரீடம், கூடவே ஓர் எழுத்தும் எண்ணும். அவருடைய அம்மாவுடையது. 1941 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கனடா அரசு இனுயிட்டைப் பெயரால் எழுதாமல் இந்த வட்டு எண்ணால்தான் பதிவேட்டில் எழுதியது. குடும்பப் பெயர் இல்லாதவர்களை எப்படி எழுதுவது என்று குமாஸ்தாக்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் காரணம். 1968 வாக்கில் ஆபே ஒக்பிக் என்ற இனுக் அரசு ஊழியர் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு குடும்பத்திடமும் பெயர் கேட்டு எழுதிய பிறகே அது ஒழிந்தது. அந்த வட்டைப் பற்றி ஒருங்கிணைப்பாளர் தானாக எதுவும் சொன்னதில்லை, நான் கேட்டபோது சொன்னதுதான் இது.

ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் பின்னால்

அவருடைய பணி வரலாறு காகிதத்தில் அழகாக இருக்கும். 19 வயதில் சொந்த ஊர்ப் பள்ளியில் வகுப்பறை உதவியாளர். அப்புறம் ஆர்க்டிக் கல்லூரியின் ஆசிரியர் பயிற்சி, 1979-ல் தொடங்கிய திட்டம் அது. இரண்டாம் வகுப்பு ஆசிரியராக ஒன்பது ஆண்டுகள். பாடத்திட்டப் பிரிவுக்கு அழைத்தார்கள், போனார். அங்கிருந்து இளைஞர் பிரிவு, கோடை முகாம், ஊருக்கு வெளியே கூட்டிப்போய் வேட்டையும் தையலும் கற்றுக்கொடுக்கும் திட்டங்கள். அங்கிருந்து ஆய்வு.

ஒவ்வொரு முறையும் அவரை அழைத்ததற்கு ஒரே காரணம்தான்: இனுக்டிட்டுட்டை எழுதவும் தெரியும், ஆங்கிலத்தில் கோப்பு நடத்தவும் தெரியும், பிள்ளைகளையும் தெரியும். இப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்தார்கள், அதனால் எல்லாத் துறையும் அதே ஆட்களைத்தான் இழுத்தது. அவர் விட்டுவந்த இரண்டாம் வகுப்புக்கு அந்த மொழி எழுதத் தெரிந்த ஆசிரியர் கிடைக்க மூன்று ஆண்டு ஆனது என்று போகிற போக்கில் ஒருநாள் சொன்னார். பாடத்திட்டப் பிரிவில் அவர் பாதியில் விட்ட வாசிப்புப் புத்தக வரிசை பாதியிலேயே நின்றது. எனக்கு இதெல்லாம் அப்போது ஒரு வெற்றிக் கதையாகத்தான் தெரிந்தது. துறையின் ஆண்டறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது, படத்தோடு.

கணக்கெடுப்பு

பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை என்று நான்கு ஊர்களில் கேட்டறிய வேண்டும், இதுதான் திட்டம். பணம் அந்த நிதியாண்டுக்குரியது, மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஜனவரியில் ஒப்புதல், பிப்ரவரி முடிவில் களம்.

கேள்வித்தாள் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேறு எதற்கோ தயாரானது. அதையே இனுக்டிட்டுட்டில் மொழிபெயர்த்து வாங்கினோம். நேர்காணலுக்கு அங்கிருந்தே இரண்டு முதுகலை மாணவர்கள் வந்தார்கள், நல்ல பிள்ளைகள், குளிருக்கு வாங்கிய புதுக் கோட்டின் விலைச்சீட்டு மடிப்புகூட இன்னும் போகவில்லை. நுனாவுட்டில் ஆய்வு செய்ய சட்டப்படி உரிமம் வேண்டும், நுனாவுட் ஆய்வு நிறுவனம் கொடுக்கும், கொடுக்கும்முன் அந்தந்த ஊரின் கருத்தைக் கேட்கும். உரிமம் வாங்கியிருந்தோம். காகிதத்தில் ஒரு குறையும் கிடையாது.

ஒருங்கிணைப்பாளர் அப்போது வேறொரு ஊரில் இருந்தார், ஏனென்றால் அவருடைய மேலாளர் பதவி காலியாகி ஏழெட்டு மாதமாகி, 'பொறுப்பு மேலாளர்' வேலையையும் அவரே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வித்தாளைக் களத்துக்குப் போகும்முன் அவர் பார்க்கவில்லை. அனுப்பினோம், அவருக்கு நேரமில்லை, நாங்கள் காத்திருக்கவில்லை.

என் மேசைக்கு வந்தது

மார்ச் நடுவில் படிவங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண்: ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2, பதில் சொல்லாவிட்டால் 9. தட்டச்சு செய்துகொண்டே போகிறேன், 9, 9, 9, 1, 9. பக்கம் பக்கமாக 9. ஒரு பிள்ளை முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை ஒன்பதாகவே இருந்தது. பிள்ளைகள் ஒத்துழைக்கவில்லை என்று நேர்காணல் குறிப்பில் எழுதியிருந்தார்கள், அப்படியே அறிக்கையின் வரைவுக்கும் போனது: 'மாணவர்களிடையே ஈடுபாடு குறைவு.'

இன்னொன்றும் செய்தேன். 'உன்னோடு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன உறவு, என்ன வயது' என்று ஒரு கேள்வி. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, 'என் மகன், வயது 38' என்று எழுதியிருந்தாள். இன்னொரு பையன் இரண்டு வயதுக் குழந்தையைப் பாட்டி என்று எழுதியிருந்தான். விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து அப்படிப்பட்ட வரிகளையெல்லாம் நீக்கினேன். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் தரவைச் சுத்தம் செய்வது. அன்று சாயங்காலம் வேலை முடிந்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

புருவம்

அவர் திரும்பி வந்த மறுநாள் வரைவைப் படித்தார். என்னைக் கூப்பிட்டு, கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். "என்னிடம் கேள்" என்றார். நான் தாளைப் பார்த்து முதல் கேள்வியைப் படித்தேன், நிமிர்ந்தேன், அவர் சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை என்று 9 போட்டேன். இரண்டாவது, மூன்றாவது, ஐந்து கேள்வி வரை இதே கதை. பிறகு என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். ஒன்பது ஒன்பதாக இருந்ததைக் காட்டினேன்.

"அஞ்சுக்கும் நான் பதில் சொல்லிட்டேன்" என்றார்.

இனுயிட் புருவத்தைச் சட்டென்று உயர்த்தினால் ஆம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. அரை நொடிகூட இருக்காது. வாயைத் திறந்து சொல்ல 'ஈ', 'ஆக்கா' என்று சொற்கள் இருக்கின்றன, ஆனால் எதிரில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டு, அப்புறம் நிமிர்ந்து பார்ப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. நான் அந்த ஊரில் ஒன்றரை வருடம் இருந்திருக்கிறேன், கடையில் தினமும் பார்த்திருக்கிறேன், இருந்தும் தரவாக யோசிக்கும்போது மண்டையில் ஏறவில்லை.

அதோடு முடியவில்லை. பதில் பதிவான இடங்களிலும் கோளாறு இருந்தது. 'பள்ளிக்கு வர உனக்குப் பிடிக்கவில்லையா?' என்று ஒரு கேள்வி. இனுக்டிட்டுட்டில் இதற்கு ஆம் என்றால், ஆமாம் பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் பழகியவர் ஆம் என்பதை, இல்லையே, பிடிக்கிறதே என்று எடுத்துக்கொண்டார். இது எனக்காவது உறைத்திருக்க வேண்டும். நம் வீட்டில் 'இன்னும் சாப்பிடலையா' என்றால் 'ஆமா, சாப்பிடலை' என்று சொல்லி வளர்ந்தவன்தானே நான். ஆங்கிலத்தில் வேலை பார்க்க உட்கார்ந்தால் மூளையும் அந்தப் பக்கம் போய்விடுகிறது.

அந்த 38 வயது மகனுக்கும் விளக்கம் கிடைத்தது. பிள்ளைக்கு இறந்துபோன பெரியவர் பெயரை வைத்தால், அந்தப் பெரியவரின் உறவுமுறையும் சேர்ந்தே வரும். அப்பாவின் அம்மா பெயரைத் தாங்கிய பெண்ணை அப்பா 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார், அவள் அவரை மகன் என்பாள். நம்மிலும் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். மாமனார் பெயரை வைத்த பிள்ளையை அந்தப் பெயரால் அதட்டக் கூசி வேறு செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடும் மருமகள்களை நான் பார்த்திருக்கிறேன். நம்மிடம் அது கூச்சத்தோடு நிற்கிறது, அங்கே உறவே மாறிவிடுகிறது. அந்தப் பிள்ளை பொய் எழுதவில்லை, வீட்டில் என்ன கூப்பிடுகிறாளோ அதை எழுதினாள். நான் அவளை அழித்துவிட்டேன்.

நிறுத்துவது என்ற முடிவு

அறிக்கை மாத இறுதிக்குள் துணை அமைச்சரின் மேசைக்குப் போக வேண்டும் (அங்கே துணை அமைச்சர் என்பது நம்மூர்த் துறைச் செயலாளர் பதவி). எங்கள் இயக்குநர் தெற்கிலிருந்து வந்தவர், கெட்டவர் இல்லை, ஆனால் பணம் செலவாகி அறிக்கை வராவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். 'குறைபாடுகள்' என்று ஒரு பத்தி சேர்த்து அனுப்பிவிடலாம் என்றார். அது ஒரு நியாயமான யோசனையாகத்தான் எனக்கும் பட்டது.

ஒருங்கிணைப்பாளர் அனுப்பக்கூடாது என்றார். கூட்டத்தில் குரலை உயர்த்தவில்லை, நிறைய பேசவும் இல்லை. சொன்னது இரண்டு விஷயம். மேலே போகிறவர்கள் குறைபாடு பத்தியைப் படிக்கமாட்டார்கள், 'ஈடுபாடு குறைவு' என்ற இரண்டு சொல்லைத்தான் படிப்பார்கள், அடுத்த ஐந்து ஆண்டு அந்தப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அதுவாகவே இருக்கும். இரண்டாவது, முடிவுகளை அந்தந்த ஊருக்குத் திரும்பக் கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். ஊர் மண்டபத்தில் எழுந்து நின்று, உங்கள் பிள்ளைகள் பதில் சொல்லவில்லை என்று நான் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அந்த மண்டபத்தில் பாதிப் பேர் அவரிடம் இரண்டாம் வகுப்பு படித்தவர்கள்.

அந்தச் சமயத்தில் அவருக்குக் கைகொடுத்த ஒரு தாள் உண்டு. கனடா இனுயிட்டின் தேசிய அமைப்பான இனுயிட் தபிரீட் கனதமி 2018 மார்ச்சில் ஆய்வு பற்றிய தேசிய உத்தி ஒன்றை வெளியிட்டது. ஆய்வை யார் முடிவு செய்வது, தரவு யார் கையில் இருப்பது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை அச்செடுத்து மேசையில் வைத்தார். பத்து ஆண்டுக்கு முன் இதையே அவர் சொல்லியிருந்தால் தனிப்பட்ட பிடிவாதம் என்று ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அட்டை போட்ட ஆவணம் என்றால் அலுவலகத்துக்குத் தனி மரியாதை.

இயக்குநர் இறங்கிவந்தார். அறிக்கை நிறுத்தப்பட்டது. செலவானது செலவானதுதான், மறுபடி செய்யக் கையில் கொஞ்சப் பணமே மிச்சம்.

சம்பளப் படிவம்

இரண்டாம் சுற்றை அந்தந்த ஊர் இளைஞர்களே நடத்தட்டும் என்பது அவர் முடிவு. பதினேழு, பதினெட்டு வயதில் ஊருக்கு ஒருவர். பார்த்து, கூடவே செய்து, அப்புறம் தனியாகச் செய்வது என்ற கற்றல்முறைக்கு அவர்கள் மொழியில் 'பிலிம்மக்சர்னிக்' என்று பெயர், அரசே தன் கொள்கை விழுமியங்களில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. சுவரில் சட்டம் போட்டு மாட்டியும் இருந்தோம்.

ஆனால் சம்பளப் பிரிவு வேறு மொழி பேசியது. தற்காலிக ஊழியராக எடுக்க வேண்டுமென்றால் சமூகக் காப்பீட்டு எண், புகைப்பட அடையாள அட்டை, பிள்ளைகளோடு வேலை என்பதால் காவல்துறையின் சான்று, வங்கிக் கணக்கு. நுனாவுட்டில் அப்போது வங்கிக் கிளையே மூன்று ஊர்களில்தான் இருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் காசோலையைக் கடையில் கொடுத்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பையனின் அடையாள அட்டை வந்து சேரவே கோடை முடிந்துவிட்டது.

நான் ஒரு சுலபவழி சொன்னேன்: கடைப் பரிசு அட்டை கொடுத்துவிடலாம், எல்லா ஆய்வுகளிலும் அதுதானே செய்கிறார்கள் என்று. வேண்டாம் என்றார். அவருடைய அம்மா வந்துபோன ஆய்வாளர்களுக்கெல்லாம் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டுத் தேயிலையும் மாவும் வாங்கிக்கொண்டு வந்தவராம். அந்த அறிக்கைகள் எதிலும் அவர் பெயர் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளச் சீட்டு வர வேண்டும், நாளைக்கு இன்னொரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் காட்ட வேண்டும் என்றார். நான்கு மாதம் தாமதமானது. அந்தத் தாமதம் தேவையா என்று அன்று எரிச்சல் வந்தது உண்மை.

இரண்டாம் சுற்று

இளைஞர்களும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் உட்கார்ந்து கேள்விகளைத் திருத்தினார்கள். எதிர்மறைக் கேள்விகள் எல்லாம் போயின. 'இன்று காலையில் சாப்பிட்டாயா' என்ற கேள்வியை ஒரு பெண் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். யார் வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அதைக் கேட்டு வாயால் சொல்லவைப்பது அவமானப்படுத்துவது என்றாள். பள்ளியில் காலைச் சாப்பாடு போட்டால் என்ன வேண்டும் என்று மாற்றினாள். பிள்ளைகள் வளவளவென்று பேசிய கேள்வி அதுதான்.

வகுப்பறையில் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்பதையும் விட்டார்கள். பனியில் துளை போட்டு மீன் பிடிக்கும் இடத்தில், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் ஓரத்தில், தையல் வேலை நடக்கும்போது. தாள் கிடையாது, பேசி முடித்த பிறகுதான் எழுதுவது, பேசும்போது கண் முகத்தில்.

வந்த பதில்கள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, ஊரில் எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். வசந்த முடிவில் ராத்திரியிலும் இருட்டுவதே இல்லை, பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்கும் வெளியே பந்து விளையாடுகிறார்கள், காலையில் எப்படி எழுவார்கள்? மே மாதம் வாத்துக்கும் சீலுக்கும் குடும்பத்தோடு முகாமுக்குப் போகிறவர்களைப் பள்ளி 'வராதவர்' கணக்கில் எழுதுகிறது, வீட்டில் அதுதான் படிப்பு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்கள் நின்றுவிடுகிறார்கள். அப்புறம், ஆங்கிலத்துக்கு மாறும் அந்த வகுப்பு. ஒரு பையன் சொன்னதை அந்தப் பெண் அப்படியே எழுதியிருந்தாள்: மூன்றாம் வகுப்பு வரை எனக்கு எல்லாம் தெரியும், நாலாம் வகுப்பில் ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

அதன் பிறகு

அறிக்கை ஒன்பதே பக்கம் வந்தது. அமைச்சகத்துக்குப் போகும்முன் ஊர் வானொலியில் இனுக்டிட்டுட்டில் வாசித்தார்கள், வானொலியில் நடக்கும் பிங்கோ எண் விளையாட்டுக்கு முந்தைய அரை மணி நேரம் கேட்டு வாங்கி, எல்லாரும் வானொலியைத் திறந்து வைத்திருக்கும் நேரம் அதுதான் என்பதால். ஊர்க் கல்விக் குழுவுக்குப் பள்ளி நாட்காட்டியை வகுக்க அப்போது அதிகாரம் இருந்தது. நான்கில் ஓர் ஊர், முகாம் காலத்துக்கு ஏற்ப ஆண்டை முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடித்தது. இன்னோர் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு ஆள் போட்டார்கள். மற்ற இரண்டில் எதுவும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

காலியாக இருந்த மேலாளர் பதவியை அவருக்கே நிரந்தரமாகக் கொடுத்து, ஓராண்டில் இயக்குநராக்கவும் துறை முன்வந்தது. அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: அந்த இளைஞர்களில் இரண்டு பேருக்காவது பயிற்சிப் பதவி, என்னிடம் கற்றுக்கொண்டு இரண்டு வருடத்தில் என் வேலைக்கு வருவதாக. பதவி எண் இல்லாமல் ஆள் எடுக்க முடியாது, புதிய பதவி எண் உருவாக்க அடுத்த நிதியாண்டு ஆகும் என்று பதில் வந்தது. அடுத்த நிதியாண்டிலும் வரவில்லை.

அவர் பதவியை ஏற்கவில்லை. அதோடு நிற்காமல், சொந்த ஊர்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துப் போய்விட்டார். வேலையோடு ஒட்டிய அரசு வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை வீட்டில், ஏற்கெனவே ஆறு பேர் இருக்கும் வீட்டில். ஏன் என்று கேட்டேன். "என் பேத்தி அடுத்த வருஷம் ரெண்டாங் கிளாஸ். அங்க வேற ஆள் இல்லை" என்றார்.

அலுவலகத்தில் இனுயிட் சக ஊழியர்கள் சிலருக்கே அவர்மேல் வருத்தம் இருந்தது. மேலிடத்தில் நம்மவர் உட்கார வேண்டும் என்றுதானே 23-ஆவது பிரிவுக்காக இத்தனை ஆண்டு சண்டை, உட்காரக் கிடைத்தவர் எழுந்து போனால் எப்படி என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஒருவரை இரண்டு இடத்தில் வைக்க முடியாது, ஆனால் இரண்டு இடத்துக்கும் அந்த ஒருவரைத்தான் கைகாட்டினார்கள். என் கோபம் அவர் முடிவின்மேல் இல்லை, அந்தப் பதவி எண்ணின்மேல்தான்.

அவருடைய ஒருங்கிணைப்பாளர் இடம் ஓராண்டுக்கு மேல் காலி, பிறகு தெற்கிலிருந்து ஒப்பந்த ஆள். இளைஞர்களில் ஒரு பெண் ஒட்டாவாவில் நுனாவுட் சிவுனிக்சாவுட் கல்லூரிக்குப் போனாள். 1985-ல் நில ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குக் களப்பணியாளர்களைத் தயார் செய்யத் தொடங்கிய இடம், இன்றைக்கு அரசிலும் அமைப்புகளிலும் இருக்கும் பலர் அங்கே படித்தவர்கள். விண்ணப்பத்தோடு அவள் அந்தச் சம்பளச் சீட்டை இணைத்திருந்தாள். ஒரு பையன் ஊர்க் கூட்டுறவுக் கடையில் வேலை பார்க்கிறான். மற்ற இருவரைப் பற்றித் தெரியாது.

2020 நவம்பரில் நுனாவுட் சட்டமன்றம் கல்விச் சட்டத்தைத் திருத்தியது. எல்லா வகுப்பிலும் தாய்மொழிக் கல்வி 2019-க்குள் வந்துவிடும் என்று 2008-ல் கொடுத்த வாக்கு, படிப்படியாக 2039 வரை தள்ளிப்போனது. போதிய ஆசிரியர் இல்லை என்பது சொன்ன காரணம். மறு ஆண்டு இனுயிட்டின் நில ஒப்பந்த அமைப்பான நுனாவுட் துங்காவிக் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்தபோது, போதிய ஆசிரியர் ஏன் இல்லை என்பதற்கு எங்கள் மாடியிலேயே எத்தனை மேசைகள் விடை சொல்லியிருக்கும் என்று எண்ணிப்பார்த்தேன். பழைய ஆசிரியர்கள் என்று என் கணக்கில் ஆறு பேர்.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

களத்துக்குப் போகும்முன் கேள்வித்தாளை உள்ளூர்க்காரர் ஒருவர்மேல் ஓட்டிப்பார்ப்பேன், மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது வேறு, உட்கார்ந்து ஒருமுறை பதில் சொல்லிப்பார்ப்பது வேறு. 'பதில் இல்லை' என்ற ஒரே எண்ணை இரண்டாக உடைப்பேன்: பதில் சொல்லவில்லை, எங்களுக்குப் புரியவில்லை. எனக்கு விசித்திரமாகத் தெரியும் வரிகளை அழிக்காமல் கேள்விக்குறி போட்டு வைப்பேன், அழிக்கும் அதிகாரம் எனக்கு இருக்கக்கூடாது.

இளைஞர்களின் அடையாள அட்டை, காப்பீட்டு எண் வேலையைத் திட்டத்துக்கு ஓராண்டு முன்பே தொடங்குவேன். மார்ச் 31 பிரச்சினைக்கு என்னிடம் தீர்வு கிடையாது.

பழைய ஒன்பதுகள் நிரம்பிய அந்த முதல் சுற்றுக் கோப்பு துறையின் பொதுச் சேமிப்பில் இன்னும் இருக்கிறது. இது பயன்படாது என்று மேலே ஒரு குறிப்புப் போடச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். முதல் முறை பதில் வரவில்லை. இரண்டாம் முறை, கோப்பின் பொறுப்பாளர் பதவி தற்போது காலியாக உள்ளது என்று வந்தது.